ஆறுமுகநயினாரின் இடப்பக்கம்

பொருநை ஆறு வடக்கே திரும்பும் வளைவில் இருக்கிற வடகரைப்பேட்டையில், இந்தக் கதையைக் கடைத்தெருவில் கேட்டால் ஒரு விதமாகவும் படித்துறையில் கேட்டால் வேறொரு விதமாகவும் சொல்வார்கள். ஆயினும் டவுன் பஸ் டிரைவர் ஆறுமுகநயினாருடைய இடப்பக்கம் காணாமற்போனது ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில்தான் என்பதிலும், அதை முதலில் கண்டுகொண்டவள் அவர் மனைவி உலகம்மாள்தான் என்பதிலும் இரு சாராருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

மூளையின் வலப்பாதியில் இரத்தம் உறைந்து, பெரியாஸ்பத்திரியில் படுத்து எழுந்து, கையில் ஒரு கம்போடு வீடு திரும்பியிருந்தார் அவர். பேச்சு தெளிவாக இருந்தது, நினைவு பழுதில்லாமல் இருந்தது, கண்ணைச் சோதித்த டாக்டர் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். உலகம்மாள் தலைவாழையிலை விரித்துச் சோறு பரிமாறினாள். இலையின் குறுக்கே யாரோ கோடு கிழித்துக் கொடுத்தாற்போல வலப்பாதியை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் வழித்துண்டுவிட்டு, இடப்பாதியில் இருந்த சோற்றையும் அவியலையும் தொடாமல், அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏளா, உப்பு வைக்க மறந்துட்டியா? ஊறுகாய எங்க?"

"எடது பக்கம் இருக்கு பாருங்க."

"எடது பக்கம்னா, அது எந்த ஊர்ல இருக்கு?"

கேலிக்குச் சொல்கிறார் என்று அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. இலையைத் திருப்பிப் போட்டிருந்தால் அன்றைய சாப்பாடு முடிந்திருக்கும். ஆனால் நுனி வலப்பக்கம் வருமாறு இலை போடுவது துக்கம் நடந்த வீட்டில்தான் என்பது அந்தக் குடும்பத்து வழக்கமாகையால், அவள் இலையைத் தொடாமல் உப்பையும் ஊறுகாயையும் மட்டும் வலப்பக்கம் எடுத்து வைத்துவிட்டு, எப்போதும்போல அவருக்கு இடப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த கணத்தில், "உலகம்மா எங்க போயிட்டா?" என்று அவர் எதிர்ச்சுவரைக் கேட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பிரமு, தயிருக்கு உறைமோர் கேட்டு உள்ளே வந்தாள். "அண்ணாச்சி, அக்கா எங்க?" என்றாள். "இங்கனதான் இருக்கேன்" என்று உலகம்மாள் சொன்னது அவள் காதில் விழவில்லை. முகத்துக்கு நேரே கையை ஆட்டியது அவள் கண்ணில் படவில்லை. எழுந்து சுற்றிக்கொண்டு கணவரின் வலப்பக்கம் வந்து நின்ற பிறகே, "அடுப்பங்கரையில இருந்தியளாக்கும்" என்று சொல்லிப் பிரமு கிண்ணத்தை நீட்டினாள். இவ்வாறு, ஆறுமுகநயினார் அறியாமற்போன இடப்பக்கத்தில் எது போய் நின்றாலும் அது அவருக்கு மட்டுமன்றி ஊருக்கே தெரியாமற்போகும் என்பது உறுதிப்பட்டது.

உலகம்மாள் விளக்கிச் சொன்னதைக் கேட்டுப் பிரமு மலைக்கவில்லை. உறைமோர்க் கிண்ணத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சற்று நேரம் யோசித்தாள். மறுநாள் வந்து நின்றாள்.

"அக்கா, பாவூர்ல இருந்து எங்க மாமியா வாராவ. வந்து எறங்கின நேரத்துல இருந்து நான் ஓடணும். அண்ணாச்சி எடப்பக்கம் சித்த நேரம் உக்காந்துக்கிடவா?"

"அவுகளுக்கு ஒண்ணும் ஆயிராதே?"

"நான் என்ன அவுக மடியிலயா உக்காரப் போறேன்? ஓரமா இருந்துட்டுப் போறேன்."

அவள் உட்கார்ந்தாள், மறைந்தாள், மாமியார் தெருமுனை வரை தேடிவிட்டுத் தாமே காப்பி போட்டுக் குடித்தார், அந்திக்கு முன்பாகப் பிரமு நன்றாக உறங்கி எழுந்த முகத்தோடு வெளியே வந்தாள். அதன்பின் ஆறுமுகநயினார் வாசற்புறத்தில் வடக்கு நோக்கிப் பிரம்பு நாற்காலியில் அமர்ந்திருக்கும் பொழுதெல்லாம், அவர் இடத்தோள் தொடங்கிப் பூவரசமரம் வரைக்குமான இடம் ஊராருக்குப் பொதுவாயிற்று. கணக்கு வாத்தியார் அங்கே போனார், அதிகாரி பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்ததனால். வெள்ளிக்கிழமைக் கறிக்குக் குறிக்கப்பட்ட கிடா ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு போயிற்று, அதற்கு யாரும் வழி சொல்லித் தராமலேயே. சாக்கடை என்னாயிற்று என்று கேட்கிறவர்கள் தூரத்தில் தெரிந்ததும் வார்டு கவுன்சிலர் சேர்மக்கனி போனார். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க வேறு இடமில்லாத ஒரு பையனும் பெண்ணும் போனார்கள். ஒரு காரணமும் இல்லாமல், சும்மா இருக்க வேண்டும் என்பதற்காகவே, வீட்டு வேலை முடிந்த பெண்கள் போனார்கள். எல்லோரும் வரும்போது அவருக்கு ஏதேனும் கொண்டுவந்தார்கள், அதை மறவாமல் வலப்பக்கத்தில் வைத்தார்கள். இத்தனை பேர் தம் பக்கத்தில் இருப்பதை அறியாத ஆறுமுகநயினார், வலப்பக்கம் குவிந்த அதிரசத்தைத் தின்றுகொண்டு, "நம்ம ஊர் சனங்க மாதிரி தங்கமான சனம் உண்டா?" என்று வியந்தார்.

ஒரு தரம் உலகம்மாள் வாசல் கூட்டுவதற்காக, நாற்காலியை அவரோடு சேர்த்துச் சற்றே திருப்பினாள். இடப்பக்கமும் உடன் திரும்பிற்று. கூடையைக் கவிழ்த்தாற்போல வாத்தியாரும் கிடாவும் கவுன்சிலரும் பையனும் பெண்ணும் நடுத்தெரு வெயிலில் ஒருமிக்கத் தோன்றி, ஒருவரையொருவர் பார்த்து வணக்கம் சொல்லிக்கொண்டார்கள்.

இதற்குப் பிறகுதான் மைதீன் பிச்சை பொறுப்பேற்றார். ஆறுமுகநயினார் ஓட்டிய வண்டியில் நெடுங்காலம் கண்டக்டராக நின்றவர் அவர். சென்ற ஆண்டு ஓய்வு பெற்று, வேலையில்லாத கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அலைந்துகொண்டிருந்தார். டிரைவருக்கு வலப்பக்கம் ஒரு சன்னல் மட்டுமே, பஸ்ஸும் சனமும் படிக்கட்டும் நிறுத்தமும் எல்லாம் இடப்பக்கந்தான் என்பதை அவர் அறிந்திருந்தபடியால், நடந்தது என்னவென்று அவருக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. காக்கிச்சட்டையைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் பழைய விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து, நாற்காலிக்கு வலப்பக்கம் நின்றார்.

"எறங்குறவங்க எறங்கின பொறவு ஏறுங்க. வாத்தியாரே, காலைல இருந்து நீரேதான் உக்காந்திருக்கீரு, பொம்பளையாளுக்கு எடம் விடும். ஆடு ஏறட்டும், அதுக்கு உசிர்ப் பிரச்சினை."

ஒரு விசிலுக்கு இறங்கினார்கள், இரண்டு விசிலுக்கு ஏறினார்கள். ஊர் ஒழுங்காயிற்று.

உலகம்மாளுக்கு மட்டும் ஒழுங்காகவில்லை. மற்றவர்கள் நினைத்தபோது போய் நினைத்தபோது வந்தார்கள். அவளோ அங்கேயே குடியிருந்தாள். அவள் பாய் அவர் பாய்க்கு இடப்பக்கம், அவள் அடுப்பங்கரை கூடத்துக்கு இடப்பக்கம், கோயிலுக்குப் போனாலும் அவள் நடப்பது அவருக்கு இடப்பக்கம். வலப்பக்கம் வந்து நின்றால், "வந்துட்டியா" என்று முகம் மலர்ந்து பேசுவார். அவள் தண்ணீர் எடுக்க ஒரு அடி அந்தப் பக்கம் வைத்தால் பேச்சு நடுவில் அறுந்து, "எப்பப் பாத்தாலும் எங்கயாவது போயிருதா" என்று குறைப்படுவார். விடியலில் கண்விழித்து அவர் தன்னைச் சுவரிடம் விசாரிப்பதை, ஒரு முழ தூரத்தில் படுத்தபடி அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

வைகாசியில் அவருக்கு அறுபது நிறைகிறது. அறுபதாம் கல்யாணத்துக்கு ஆற்றங்கரைக் கோயில் மண்டபத்தில் நாள் குறித்தார்கள். மனைவி இடப்பக்கம் அமர வேண்டிய சடங்கு. அமர்ந்தால் மணமகளை எவரும் காணமாட்டார்கள். அவர் வெறும் பலகைக்கு மாலையிட்டு, காற்றுக்குத் தாலி கட்டுவார்.

"சாஸ்திரத்துல இடமிருக்கும்மா. உடம்பு முடியாதவாளுக்கு மாத்திக்கலாம். நீங்க வலது பக்கமே உக்காருங்கோ" என்றார் கோயில் பட்டர்.

"மாறி உக்கார எனக்கு ஒரு நிமிசம் ஆகாது சாமி. நான் மாறிட்டேன்னு வைங்க, அதுக்குப் பொறவு அவுக எதுக்குத் திரும்பப் போறாவ?"

அவள் பெரியாஸ்பத்திரிக்குப் போய், புதிதாக வந்திருந்த பிசியோதெரபி டாக்டர் எப்சிபாவைக் கையோடு அழைத்துவந்தாள்.

எப்சிபா சாயர்புரத்துக்காரி, அதிகம் பேசாத, பேசினால் சுற்றி வளைக்காத பெண். ஆறுமுகநயினாரின் ஒருபாதி மழித்த முகத்தையும் மறுபாதியில் காடாய் வளர்ந்திருந்த தாடியையும் பார்த்தாள். நாற்காலியைச் சுற்றிவரும்போது இடப்பக்கத்தில் இருந்தவர்கள் மேல் இடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கிடுங்க" என்றாள். பிறகு உலகம்மாளிடம் சொன்னாள்.

"கண்ணுல கோளாறு இல்லம்மா. எடப்பக்கம்னு ஒண்ணு உலகத்துல இருக்குங்கிறதயே மூளை கைவிட்டுட்டு. பாருங்கன்னு சொல்லிச் சொல்லிப் பிரயோசனமில்ல. கைய ஏமாத்தணும். கை திரும்பினா கண்ணு திரும்பும், கண்ணு திரும்பினா ஆளு திரும்புவாவ."

அவள் பையிலிருந்து எடுத்தது, ஓர் ஓரம் தடித்து மறு ஓரம் மெலிந்த பட்டகக் கண்ணாடி. அதை மாட்டிக்கொண்டால் எதிரே உள்ளதெல்லாம் இருக்குமிடத்தைவிட்டு வலப்பக்கமாகச் சற்றே தள்ளித் தெரியும். எதிரே பலகையில் ஒட்டிய சிவப்புப் பொட்டைத் தொடச் சொன்னால், கை பொட்டுக்கு வலப்புறம் போய் விழும். தவறியதைக் கண்டு கண்டு, கை தானாகவே இடப்புறம் ஒதுங்கக் கற்றுக்கொள்ளும். கற்றபின் கண்ணாடியைக் கழற்றிவிட்டாலும் கை அந்தப் பழக்கத்தை விடாது, பொட்டையும் தாண்டி இடப்பக்கம் போகும். அந்தத் தாண்டுதலைத்தான் எப்சிபா மருந்து என்றாள்.

ஆறுமுகநயினார் கண்ணாடியை மாட்டினார். பொட்டைத் தொடப்போய் ஒரு சாண் வலப்பக்கம் தொட்டார். இரண்டாந்தரமும் அவ்வாறே தொட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"தப்பாத் தொட்டா என்ன, சரியாத் தொட்டா என்ன, பிள்ள? அது பொட்டுதானே. நான் பஸ் ஓட்டினவன்."

எவ்வளவு சொல்லியும் கை எழவில்லை. அப்போது தெருமுனையில் பன்னிரண்டாம் நம்பர் டவுன் பஸ் வந்து, அதன் கண்டக்டர் ஒற்றை விசில் ஊதினார். ஆறுமுகநயினாரின் வலக்கால் தரையை அழுத்திற்று. கை யாரையும் கேட்காமல் நீண்டது. எப்சிபா அதைப் பார்த்துவிட்டாள்.

"இந்த ஊர்ல யார்கிட்ட விசில் இருக்கு?"

வலப்பக்கம் இருந்தவர்கள் எல்லோரும் மைதீன் பிச்சையைப் பார்த்தார்கள். மைதீன் பிச்சை கழுத்தில் தொங்கிய விசிலைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டே, "வீட்டுல எங்கயோ கெடக்கும். தேடணும்" என்றார்.

அன்று மாலையே ஊர் திரண்டு வந்தது. முன்னால் சேர்மக்கனி நின்றார்.

"மதினி, நாங்க உங்களுக்கு எதிரியா? யோசிச்சுப் பாருங்க. நம்ம ஊர்ல ஒரு பார்க் உண்டா? மர நிழல்ல ஒரு பெஞ்சு உண்டா? மனுசன் மூச்சு விட இருக்கது அண்ணாச்சி எடப்பக்கம் ஒண்ணுதான். அதையும் மூடணுங்கிறிய."

"பார்க் கட்ட வேண்டியது யாரு தம்பி?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. சேர்மக்கனி ஒரு பார்வையால் அதை அடக்கப் பார்த்து, இயலாமல் தாமும் சிரித்தார். பிரமு மட்டும் சிரிக்காமல், "அக்கா, எனக்கு அங்கனதான் ஒறக்கம் வருது" என்றாள். உலகம்மாள் கூட்டத்தைக் கடந்து மைதீன் பிச்சையிடம் போனாள்.

"பாய், நீங்க ஊரையெல்லாம் ஏத்தி எறக்குதிய. நீங்க ஒரு தடவையாவது அந்தப் பக்கம் போயிருக்கியளா?"

"எனக்கு எதுக்கு மதினி? நான் யாருக்குப் பயந்து ஒளியணும்?"

"ஒளிய வேண்டாம். சும்மா வந்து எம் பக்கத்துல இருங்க."

அவர் மறுக்க வழியில்லாமல் போனார். ஆறுமுகநயினாரின் இடத்தோளுக்குப் பின்னால், ஆயுளில் பெரும்பகுதி நின்ற அதே இடத்தில் போய் நின்று, வண்டி கிளம்பும் நேரத்தில் கூப்பிடும் குரலில், "அண்ணாச்சி" என்றார். ஆறுமுகநயினார் அசையவில்லை. "அண்ணாச்சி, நாந்தான் மைதீன்" என்றார். எதிரே நின்ற ஊரார் எவர் காதிலும் அது விழவில்லை. அப்போது ஆறுமுகநயினார் தெருவைப் பார்த்துக்கொண்டே தமக்குத்தாமே சொன்னார்: "இந்த மைதீன் எங்க தொலைஞ்சான்? அவன் இல்லாம வண்டிய எப்படி எடுக்க?"

மைதீன் பிச்சை வலப்பக்கம் திரும்பி வந்தபோது அவர் கழுத்தில் விசில் சட்டைக்கு வெளியே கிடந்தது. எப்சிபாவைப் பார்த்து, "எப்பம் ஊதணும், சொல்லும்மா" என்றார்.

அன்று முதல் பயிற்சி வேறு விதமாக நடந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆறுமுகநயினார் உட்கார்வார். மைதீன் பிச்சை ஒற்றை விசில் ஊதுவார். நிறுத்தத்தைத் தவறவிட்டு அறியாத அந்தக் கை பொட்டை நோக்கிப் பாயும், தவறும். "ஸ்டாப்பத் தாண்டிட்டிய அண்ணாச்சி, ஆளுக கத்துதாவ" என்று மைதீன் பிச்சை அலறுவார். அவர் வெட்கப்பட்டு அடுத்த முறை கையை இடப்புறம் ஒடிப்பார். இரட்டை விசிலுக்குக் கை மடிக்குத் திரும்பும். மறுபடி ஒற்றை விசில். கண்ணாடியைக் கழற்றியபின் கை பொட்டைத் தாண்டி இடப்பக்கம் போயிற்று. போன அளவுக்கு இடப்பக்கத்தின் ஓரம் வெளுத்தது. முதல் நாளில் கிடாவின் ஒற்றைக் கொம்பு மட்டும் அந்தரத்தில் தெரிந்தது. அதற்கு மறுநாள் வாத்தியாரின் முழங்கால் தெரிந்தது. பிறகு பையனின் தோளும் அதில் சாய்ந்திருந்த பின்னலும் தெரிந்து, பெண் வீட்டார் வந்து பார்த்து, திட்டி, அழுது, கடைசியில் சாதகம் கேட்டார்கள். மீந்த இடத்தில் மற்றவர்கள் நெருக்கியடித்துக்கொண்டார்கள். "உள்ள போங்க, இன்னும் உள்ள போங்க" என்று மைதீன் பிச்சை சத்தம் போட்டார். உள்ளே போக இடம் குறைந்துகொண்டே வந்தது.

பங்குனி முடிவதற்குள் ஆறுமுகநயினார் முழுமுகமும் மழித்துக்கொண்டார், இலையில் முக்கால்வாசி உண்டார், பூவரசமரத்தை ஒருநாள் பார்த்து, "இது எப்ப வச்சது?" என்றார். ஆனால் தோளோடு தோள் ஒட்டிய அந்த ஓர் இடம், ஓர் ஆள் அமரக்கூடிய இடம், அசையாமல் நின்றது; ஒளிய வந்தவர்கள் எல்லோரும் கடைசி பஸ்ஸில் போல அதற்குள்ளேயே நெருக்கி நின்றார்கள். வலப்பக்கமிருந்து உலகம்மாள் எப்சிபாவைக் கேட்டாள்.

"அது எப்பம் வரும்?"

"அதுதான் கடைசியில வரும். வராமலும் போகலாம். பொய் சொல்ல எனக்கு மனசில்லம்மா."

"வரும்" என்றாள் உலகம்மாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மைதீன் பிச்சை வாசலில் நின்று, மூச்சு முட்டும்வரை ஒரே நீள விசிலாக ஊதினார். "எல்லாரும் எறங்குங்க. வண்டி டிப்போவுக்குப் போகுது" என்றார். எவரும் முரண்டவில்லை. வாத்தியார் இறங்கிப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். சேர்மக்கனி இறங்கி, சாக்கடையைப் பற்றிக் கேட்க நின்றவர்களை நோக்கித் தாமே நடந்தார். பிரமு இறங்கி நேரே வீட்டுக்குப் போய், "அத்தை, நான் மத்தியானம் ஒரு மணி நேரம் ஒறங்குவேன், எழுப்பாதிய" என்று, பாவூரிலிருந்து வந்து தங்கிவிட்ட மாமியாரிடம் சொன்னாள், அத்தை, "ஒறங்கேன், யாரு வேண்டாம்னா?" என்றார் என்று கடைத்தெருவில் சொல்கிறார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று படித்துறையில் சொல்கிறார்கள், ஆனால் எழுப்பவில்லை என்பதில் இரு சாராரும் ஒன்று. கிடாவை, அதன் சொந்தக்காரர் இனி வெட்டுவதில்லை என்று சத்தியம் செய்த பிறகே மைதீன் பிச்சை இறக்கிவிட்டார். காலியான இடப்பக்கத்தைப் பார்த்தபடி காக்கிச்சட்டையைக் கழற்றி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

கல்யாணத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. காலையில் எப்சிபா பயிற்சியை நடத்திக் கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். ஆறுமுகநயினார் பட்டுவேட்டியோடு மணையில் அமர்ந்தார். அரக்குநிறப் பட்டு உடுத்திய உலகம்மாள் அவரைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கூட்டத்துக்கு அவள் இல்லாமற்போனாள். போட்டோக்காரர் கேமராவை இறக்கி, "அம்மா எங்க? அம்மாவக் கூப்பிடுங்க" என்றார். யாரோ அவரை அதட்டினார்கள். பட்டர் தட்டை நீட்டினார். ஆறுமுகநயினார் தாலியை எடுத்துக்கொண்டு, வலப்பக்கம் முழுவதும் ஒருமுறை தேடினார்.

உலகம்மாள் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் கேட்காதென்பது அவளுக்குத் தெரியும். கூட்டத்தின் ஓரத்தில் மைதீன் பிச்சை விசிலை உதட்டுக்குக் கொண்டுபோவதைக் கண்டாள். வேண்டாம் என்று தலையசைத்தாள். விசிலுக்குத் திரும்பினால் அது டூட்டி. அவள் தலையசைத்தது அவருக்குத் தெரிய வழியில்லை. ஆயினும் மைதீன் பிச்சை என்ன நினைத்தாரோ, விசிலை இறக்கிவிட்டார். நாதசுரக்காரர் சீவாளியை நனைத்துக்கொண்டு காத்திருந்தார்.

ஆறுமுகநயினாரின் கை, தாலியோடு, தன் பாட்டுக்கு இடப்பக்கம் நகர்ந்தது. அவள் கழுத்துக்கு நேரே வந்தது, நிற்கவில்லை, கழுத்தைத் தாண்டி, தோளைத் தாண்டி, ஒரு சாண் அப்பால் வெற்றிடத்தில் போய் நின்றது. தாண்டிவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. கை எங்கே போயிற்று என்று பார்க்கக் கண் அதன் பின்னே போயிற்று. கண்ணின் பின்னே முகம் திரும்பிற்று. திரும்புகிற வழியில் உலகம்மாள் இருந்தாள்.

மண்டபத்தில் இருந்தவர்கள் அரக்குநிறப் பட்டை முதலில் கண்டார்கள், பிறகு மாலையை, பிறகு அவள் முகத்தை. ஆறுமுகநயினார் தாலியைப் பிடித்தபடியே அவளை உச்சியிலிருந்து பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார், பார்வை காதோரத்தில் வந்து நின்றது.

"என்னளா இது? தலை இப்படி நரைச்சுக் கெடக்கு?"

அவள் காதோரத்து முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள்.

"எப்பம்?"

"நீங்க பாக்காதப்பம்" என்றாள்.

பட்டர் நேரமாகிறது என்று கனைத்தார், மேளக்காரர் குச்சியை ஓங்கியபடி கண்சாடைக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறுமுகநயினார் எதற்கும் அவசரப்படவில்லை. நிறுத்தத்தில் ஆள் ஏறி முடியும்வரை வண்டியை எடுக்காதவராக, அந்த நரையை ஓர் இழை விடாமல் பார்த்து முடித்துவிட்டு, பிறகுதான் கையை ஒரு சாண் பின்னுக்குக் கொண்டுவந்தார்.